பெயர் நடந்த வழி: குற்றாலக் கருத்தரங்கின் தலைமையுரை



என்னினும் மூத்தோர் முன்வரிசையில் வீற்றிருக்க, தலைமைப் பீடத்தில் என்னை அமர்த்திய அன்புக்கு வந்தனம். சாரலில் நனைந்து, அருவியில் குளித்து, தலை துவட்டியும் துவட்டாமலும் வந்திருப்பவர்களை நெடுநேரம் இருத்திவைக்கலாகாதே என்ற அச்சமும் எனக்கு உண்டு.

'மக்கட் பெயர்ச்சியும் பண்பாடும்' என்பது நமக்கு இட்ட பொருள். 376-இல் கோத்தியர் தான்யூபைக் கடந்ததையும், 568-இல் லொம்பார்டியர் இத்தாலியில் புகுந்ததையும் தங்களுக்கு நான் விளக்க வேண்டுவதில்லை. ஜோர்டானெஸ் 551-ஆம் ஆண்டளவில் எழுதிய சரித்திரத்தில் கோத்தியர் குலம் முழுவதையுமே ஒரு வடகடல் தீவிலிருந்து நடத்திக் கூட்டி வந்தார். 1961-இல் வென்ஸ்குஸ் என்ற ஜெர்மானியரோ, நடந்து வந்தது பெயரையும் மரபையும் சுமந்த சிறு கூட்டமே, வழியிற் சேர்ந்தவர்கள் அப்பெயரைத் தமதாக்கிக்கொண்டனர் என்று வாதித்தார். ஐரோப்பாவை இவ்வளவோடு விட்டு, இங்கிருந்து மூன்று மைலில் உள்ள ஊருக்கு வருகிறேன்.

மதுரை கைவிட்டுப் போனபின் பாண்டியர் தென்காசிக்கு 'ஓடி ஒளிந்தனர்' என்று எழுதுவது நம்மிற் சிலருக்கு வழக்கமாகிவிட்டது. பல ஆண்டுகளுக்கு முன் நான் அதை மறுத்தபோது, இவ்வவையில் இப்போது புன்னகையோடு அமர்ந்திருக்கும் நண்பரொருவர், 'கோயிற்கதை' என்று ஒரே சொல்லால் என்னைத் தள்ளினார். மனத்தாங்கல் ஏதுமில்லை, அவர் தென்காசிக் கோயிலுக்குள் போகாமலே அதைச் சொன்னார் என்பதை மட்டும் பணிவுடன் பிரஸ்தாபிக்கிறேன்.

போயிருந்தால், 1446-இல் அவ்வாலயத்தை எழுப்பத் தொடங்கிய பராக்கிரம பாண்டியரின் பாடற் கல்வெட்டை அவர் கண்டிருப்பார். கோபிநாத ராவ் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் பதிப்பித்தும், அதை இலக்கியச் சுவைக்காக மேற்கோள் காட்டுவோரே மிகுதி, சரித்திரத்துக்காக வாசிப்போர் அரியர். கோபுர வாயிலில் வீசும் மலைக்காற்று மைப்படித் தாளைக் கையிலிருந்து பறிக்க, முழங்காலால் அழுத்திக்கொண்டு நான் அதை வாசித்தேன். ஆலயத்துக்குக் குறை நேர்ந்தால் அதைச் சீர் செய்வோர் யாராயினும் அவரை உலகறியப் பணிகிறேன் என்கிறார் மன்னர். தம் வழித்தோன்றல் என்று சொல்லவில்லை. பாண்டியன் என்றும் சொல்லவில்லை. குலத்தைக் காக்க ஓடிவந்தவர் வாக்கா இது?

இன்னொன்று: ஊர்ப் பெயரே வடக்கிலிருந்து வந்து குடியேறியது. கங்கைக் கரைக் காசி பொருநை நாட்டில் தென்காசியாயிற்று. 16-ஆம் நூற்றாண்டில் அதிவீரராம பாண்டியர் 'காசி காண்டம்' பாடியதில் அப்பெயர் தமிழிலும் நிலைபெற்றது. அதற்காகக் காசிவாசிகள் கூட்டங்கூட்டமாக இங்கே வந்ததாக யாரேனும் சொல்வரோ? 'மதுரைப் பாண்டியர்' விஷயத்தில் மட்டும் அவ்விதம் சொல்கிறோம். கல் சுமந்தவரும் வயல் உழுதவரும் இம்மண்ணினரே என்பது என் துணிபு.

சிதைந்து, நெடுங்காலம் மொட்டையாய் நின்ற கோபுரம் 1990-இல் ஒன்பது நிலையோடு மீண்டும் எழுந்தது. மன்னர் பணிந்த அந்த 'யாரோ' நம் காலத்துக் கொத்தரும் சிற்பியருமாயினர்.

கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன். முதற் கட்டுரையாளர் என் நண்பரே. என்னை மறுப்பதற்கென்றே வந்திருப்பதாகக் கேள்வி. வருக.