உபகாரமா, பாக்கியா?

(ஒரு கல்லூரிச் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



இச்சங்கத்தின் செலவில் பெண் மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் ஏற்படுத்தலாமா என்பது பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். நான் காலேஜில் படித்தவனல்ல. ஆனாலும் வரவு செலவு பார்க்கத் தெரியும். ஆகையால் கணக்காகவே பேசுகிறேன்.

முதலில் அந்தப் பெயரே தப்பு. உபகாரம் என்றால், கடமை இல்லாதவன் இரங்கிக் கொடுப்பது. என்னைப் படிக்கவைப்பதற்காக என் தங்கையை எட்டாவதோடு நிறுத்தினார்கள். நானும் உருப்படியாகப் படிக்கவில்லை, பாதியில் நின்றேன். இன்றைக்கும் அவள்தான் என்னைவிடச் சரியாகக் கணக்குப் போடுகிறாள். அவள் பங்கைத் தின்றவன் நான். அதில் ஒரு துளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உபகாரம் என்று சொன்னால் அது யோக்கியமாகுமா? பாக்கி என்று சொல்லுங்கள்.

பெண் படிக்கக்கூடாதென்பதற்கு நம் நாட்டில் மத சாஸ்திரத்தைக் காட்டினார்கள். அமெரிக்காவில் வைத்திய சாஸ்திரத்தைக் காட்டினார்கள். 1873இல் ஹார்வர்டைச் சேர்ந்த டாக்டர் கிளார்க் என்பவர், ஆண்களைப்போல் படித்தால் பெண்களின் தேகம் கெடும், பிள்ளை பெறும் சக்தி குன்றும் என்று புத்தகமே எழுதினார். 1881இல் பாஸ்டனில் பட்டதாரிப் பெண்கள் 17 பேர் கூடி ஒரு சங்கத்துக்கு அடிகோலினார்கள். டாக்டரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டுக் கலைந்தார்களா? இல்லை. படித்த பெண்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார்கள். 705 பேர் பதில் எழுதினார்கள். 1885இல் வெளியான கணக்கில், நூற்றுக்கு 78 பேர் நல்ல தேக சுகத்துடன் இருப்பது தெரிந்தது. டாக்டரின் பூச்சாண்டி அம்பலமாயிற்று. பிறகு சில ஆண்டுகளுக்குள், பெண்களின் மேற்படிப்புக்குத் தாங்களே பணம் திரட்டிக் கொடுக்கவும் தொடங்கினார்கள். பகுத்தறிவு என்பது இதுதான். பொய்யை உடைப்பதோடு நில்லாமல் வழியும் செய்வது.

"சர்க்கார்தான் கொடுக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்த பெண்கள் மேலே படித்தால் மாதம் 1000 ரூபாய் என்று 2022இல் தமிழ்நாடு அரசு ஏற்பாடு செய்து, அதற்கு நம் இயக்கத்தில் பாடுபட்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரையும் வைத்தது. வரவேற்கவேண்டிய காரியம். ஆனால் ஹாஸ்டல் கட்டணமும் புத்தகமும் பரீட்சைப் பணமும் அதில் அடங்கிவிடுமா? ஒரு பெண் நடுவில் நின்றுவிட்டால் சர்க்கார் தஸ்தாவேஜுக்கு அது தெரிய நாளாகும். அடுத்த பெஞ்சில் இருக்கும் உங்களுக்கு அன்றைக்கே தெரியும். சங்கத்தால் ஆகக்கூடிய வேலை அதுவே.

கொடுக்கும்போது, குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவளுக்கு முதலிடம் கொடுங்கள். ஆண்பிள்ளையிடம் கேட்காத ஒழுக்கச் சான்றை அவளிடம் கேட்காதீர்கள். கலியாணமாயிற்றென்று நிறுத்தாதீர்கள். மேடையில் நிறுத்திப் போட்டோ பிடிக்காதீர்கள். கடன் தீர்ப்பவன் ஊரைக் கூட்டுவதில்லை.

பணத்துக்கு எங்கே போவது என்கிறீர்களா? உங்கள் கணக்குப் புத்தகத்திலேயே சரஸ்வதி பூஜைச் செலவும் ஆண்டு விருந்துச் செலவும் இருக்கின்றன. கல்விக்கு ஒரு பெண் தெய்வத்தை வைத்துச் சுண்டல் படைக்கிற சங்கம், படிக்க வந்த பெண்ணுக்குப் பணம் கட்ட யோசிக்கலாமா? படத்திலிருப்பவள் பரீட்சை எழுதப்போவதில்லையே!

என் தங்கையின் பாக்கியை இனி நான் தீர்க்க முடியாது. அவள் வயது போய்விட்டது. உங்கள் வகுப்பிலிருக்கும் பெண்ணின் வயது இன்னும் போகவில்லை. இவ்வருஷப் பூஜைப் பணத்திலிருந்தே இதைத் தொடங்கும்படி கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறேன்.