பிள்ளைத்தமிழ் காட்டும் இல்லறம்

(விழா அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

தமிழில் வழங்கும் சிற்றிலக்கிய வகைகளை 96 என எண்ணிக் கூறுவது மரபு. அவற்றுள் உலா, தலைவன் வீதியில் பவனி வருவதைப் பாடும். பரணி, போர்க்களத்து வெற்றியைப் பாடும். தூது, பிரிந்தவர் ஏக்கத்தைப் பாடும். வீட்டின் உள்ளே, தொட்டிலருகிலும் முற்றத்திலும் நிகழ்வனவற்றை எடுத்துக்கொண்டது பிள்ளைத்தமிழ். குழந்தை தலை நிமிர்த்தியது, கை கொட்டியது, நடந்து வந்தது என்னும் சின்னஞ்சிறு செய்திகளுக்காகப் பருவத்துக்கு 10 பாடலாக 10 பருவங்களுக்கு 100 பாடல் பாடுவது அதன் முறை. வீட்டில் நிகழும் சிறு நிகழ்ச்சியும் பாட்டுக்குரியதே என்று துணிந்தவர்கள் தமிழ்ப் புலவர்கள்.

காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் முதல் ஏழு பருவங்களும் ஆண், பெண் இரு பாலார்க்கும் பொது. இறுதி மூன்றும் ஆண் குழந்தைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என வரும். பெண் குழந்தைக்குக் கழங்கு, அம்மானை, ஊசல் என வரும். கழங்குக்கு மாற்றாக நீராடல் வருதலும் உண்டு. இப்பருவங்களை 3ஆம் திங்கள் தொடங்கி 21ஆம் திங்கள் வரை ஒற்றைப்படைத் திங்களிற் கொள்ளுதல் பாட்டியல் நூல்கள் கூறும் முறைகளுள் ஒன்று. அம்முறைப்படி கை கொட்டும் சப்பாணி 9ஆம் திங்களிலும், தளர்நடையிடும் வருகை 13ஆம் திங்களிலும் அமைகின்றன. இன்றைய குழந்தைகளும் ஏறத்தாழ அவ்வத் திங்களிலேயே கை கொட்டுகின்றனர், நடக்கின்றனர். பக்கத்தில் அமர்ந்து கூர்ந்து பார்த்தவர்களாலன்றி இத்தகைய கணக்கு வகுக்கப்பட்டிருக்க இயலாது.

பிள்ளைத்தமிழில் கருதத்தக்க மற்றொன்றும் உண்டு. அதன் பாடல்கள் பெரும்பாலும் வேண்டுகோளாக முடிவன. செங்கீரை ஆடுக, சப்பாணி கொட்டுக, முத்தம் தருக, வருக என்று குழந்தையிடம் ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். தாயோ செவிலியோ எதிரே அமர்ந்து கை நீட்டியிருக்கின்றனர். குழந்தை எடுத்து வைக்கும் முதலடி, அதனைக் கண்டு மகிழ ஒருவர் எதிரே இருக்கும்போதுதான் விழாவாகிறது.

இன்றைய இல்லங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். தந்தை பெங்களூரில் பணி செய்கிறார்; தாயும் பணிக்குச் செல்கிறார்; பாட்டி வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் தனியே இருக்கிறார். பேரனின் முதல் நடையைக் கைப்பேசித் திரையில் காண்கிறார். அந்த அளவிலேனும் காண முடிகிறதே என்பது ஆறுதல்தான். ஆயினும் படம் எடுப்பவரின் கண்கள் குழந்தையின்மேல் இல்லை, திரையின்மேல் இருக்கின்றன. எடுத்த படமும் ஆயிரம் படங்களுக்கு நடுவே புதைந்துபோகிறது. முன்னாளில், 'மல்லாட்டை பிடுங்கிய வாரத்தில் இவன் நடை பழகினான். நெல் அறுப்புக்கு முன் இவளுக்குப் பல் முளைத்தது' என்று பாட்டியர் பயிரையும் பிள்ளையையும் ஒருசேர நினைவில் வைத்திருந்தனர். அந்த நினைவுகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளாத இல்லங்களில் அவை பாட்டியரோடு மறைந்துவிடுகின்றன. இழப்பு நேர்ந்ததே பின்னர் ஒருவருக்கும் தெரிவதில்லை.

ஏழாம் பருவமாகிய அம்புலி, புலவர்க்கு மிக அரியது எனப்படும். குழந்தையோடு விளையாட வருமாறு நிலவை அழைக்க வேண்டும். சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நால்வகை உபாயங்களும் அதில் கையாளப்படும். நீயும் குழந்தையும் ஒப்பானவர் என்று இணக்கியும், குழந்தை உன்னினும் உயர்ந்தது என்று வேறுபடுத்தியும், வந்தால் இன்ன நன்மை பெறுவாய் என்று ஆசை காட்டியும், வாராவிடில் தீங்கு நேரும் என்று அச்சுறுத்தியும் நிலவை அழைப்பர். அடம் பிடிக்கும் பிள்ளையிடம் ஒவ்வொரு தாயும் நாள்தோறும் கையாளும் உபாயங்களும் இவையே. பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் இல்லங்களில் நிலவு சோறூட்டும் கருவியாக வருவதில்லை. உண்ட பின் முற்றத்தில் குழந்தைக்கு விளையாட்டுத் தோழனாகவே வருகிறது. ஆகவே இவ்வில்லங்களில் மாலை உணவுக்கும் உறக்கத்துக்கும் இடையே நீண்ட பொழுது கிடைக்கிறது. அப்பொழுது முழுவதையும் தொலைக்காட்சிக்குக் கொடுத்துவிடுவதா, அதில் ஒரு பகுதியைக் குழந்தைக்குக் கொடுப்பதா என்பதை அந்தந்த இல்லமே முடிவு செய்யவேண்டும்.

இறுதி மூன்று பருவங்கள் விளையாட்டைப் பற்றியவை. இன்று பொழுதுபோக்குக் கலை என்று கூறப்படுவதன் தொடக்கம் அங்கே உள்ளது. சிற்றிற் பருவத்தில் சிறுமியர் மணலைக் கொழித்துச் சிறு வீடு கட்டுகின்றனர். அதனைக் காலால் அழிக்க வரும் சிறுவனிடம், அழியாதே என்று இரக்கின்றனர். மணல்வீடு ஒரு பொழுதேனும் நிலைக்காது என்பது அவர்களுக்கும் தெரியும். ஆயினும் அது அவர்கள் கையால் ஆனது. இல்லங்களில் ஒரு சிறுமி படம் வரைகிறாள். ஒரு முதியவர் பழைய நாணயங்களைச் சேர்க்கிறார். ஓர் இல்லத்தலைவி 45ஆம் வயதில் வீணை பழகத் தொடங்குகிறார். 'இதனால் என்ன பயன்?' என்று கேட்பவர், அறியாமலேயே அச்சிற்றிலின்மேல் கால் வைக்கிறார். 'எங்கே, காட்டு பார்ப்போம்' என்று அருகில் அமர்பவரோ செவிலித்தாயின் இடத்தில் இருக்கிறார்.

பிள்ளைத்தமிழின் பாட்டுடைத் தலைவர் குழந்தையாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர், சோழ மன்னன் இரண்டாம் குலோத்துங்கனைப் பிள்ளையாகப் பாவித்துப் பாடினார். அண்மைக் காலத்தில் காந்தியடிகள் மீதும் பிள்ளைத்தமிழ் எழுந்தது. வளர்ந்தவரையும் குழந்தையைப் பார்க்கும் அதே கண்ணால் பார்க்கலாம் என்பது இம்மரபு தரும் இசைவு. அந்தக் கண் இன்று மிகவும் வேண்டியிருப்பது முதியோர்க்கே. கண்புரை நீக்கியபின் ஒரு பாட்டி மீண்டும் தாமே ஊசியில் நூல் கோக்கிறார். முழங்கால் வலியால் முடங்கியிருந்த தாத்தா பிறர் துணையின்றித் தெருமுனை வரை நடந்து திரும்புகிறார். அதுவும் ஒரு வருகைப் பருவமே. குழந்தையின் முதலடிக்குக் கை கொட்டும் வீடு, முதியவரின் அந்த நடையைக் கவனியாமல் இருந்துவிடுகிறது. கவனிப்பார் இல்லாத முயற்சி நாளடைவில் தளர்ந்துபோகும்.

ஆதலின் இவ்வவையின்முன் ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் இல்லத்திலும் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். வரவுசெலவுக் கணக்கு வேறோர் ஏட்டில் இருக்கட்டும். இவ்வேட்டில் குழந்தையின் முதற் சொல்லையும், மகள் முடித்த முதற் கோலத்தையும், தாத்தா நடந்த தொலைவையும் நாளிட்டு எழுதுங்கள். கண்டவர் பெயரையும் உடன் எழுதுங்கள். இன்றைக்கே தொடங்குவோர், வீட்டில் மூத்தவர் அருகில் அமர்ந்து, தம் பிள்ளைகள் நடை பழகிய காலத்தைக் கேட்டு முதல் பக்கத்தில் எழுதுக. அவர் சொல்லக்கூடிய நிலையில் இருக்கும்போதே எழுதுக.