ஐம்பத்திரண்டு வயதில் மீண்டும் மாணவன்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

நான் இயந்திரவியல் படித்தவன். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் லேத் பட்டறையோடு என் வாழ்க்கை ஓடுகிறது. 52 வயதில், வில்லியனூர்ப் பக்கத்துக் குயவர் ஒருவரிடம் சக்கரத்தில் பானை வனையக் கற்றுக்கொள்ளப் போனேன். "ஏம்ப்பா, இந்த வயசுல மண்ணுல விளையாட்டா?" என்று கேட்காத நண்பர் இல்லை. அவர்களுக்கான பதில்தான் இந்த உரை.

லேத்தில் வேலைத்துண்டை மையத்தில் நிறுத்த 'சக்' இருக்கிறது. சரிபார்க்க டயல் கேஜ் இருக்கிறது. சக்கரத்தில் இரண்டுமே நம் கைதான். முதலில் காற்றுக்குமிழி போகும்வரை மண்ணை மிதித்துப் பிசைய வேண்டும். பிறகு சுழலும் சக்கரத்தின் நடுவில் அதை அடக்க வேண்டும். மையம் பிடிக்காத மண் கையை ஆட்டும். ஆடுகிற கை மண்ணை இன்னும் ஆட்டும். என் ஆசான் சொன்னார்: "சார், மண்ணைத் துரத்தாதீங்க. முழங்கையைத் தொடையில ஊனிக்கிட்டு, கையை அசையாம வையுங்க. மண்ணு தானா வந்து அடங்கும்." அது பிடிபட எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அதன்பிறகுதான் கட்டைவிரலால் குழி திறப்பது, உள்விரலுக்கும் வெளிவிரலுக்கும் நடுவே சுவரை எழுப்புவது, நூலால் அறுத்து எடுப்பது எல்லாம்.

நம்ம ஊர்ப் பானை அத்தோடு முடிவதில்லை. சக்கரத்திலிருந்து இறங்கும்போது சுவர் தடிமனாக இருக்கும், அடி திறந்திருக்கும். சற்று உலர்ந்ததும் உள்ளே கல்லைக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி, அடியை மூடி வயிற்றைப் பெரிதாக்குவார்கள். அளவுகோல் எதுவும் கிடையாது.

வயதான பிறகு கற்க வருபவனுக்கு மண் ஒரு சலுகை தருகிறது. சுடாத பானை கோணலாகப் போனால் தண்ணீரில் ஊறப் போடலாம், மறுபடி மண்ணாகிவிடும். சூளைச் சூடு 500, 600 டிகிரியைத் தாண்டும்போது மண்ணோடு பிணைந்திருக்கும் நீரும் வெளியேறிவிடும். அப்புறம் எத்தனை நாள் ஊறினாலும் அது குழையாது. "பச்சை மண்ணும் சுட்ட மண்ணும் ஒட்டாது" என்ற பழமொழிக்குள் வேதியியல் இருக்கிறது! பட்டம் வாங்கிய கையோடு நம்மை நாமே சுட்டுவிடுகிறோமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

புதுச்சேரி மண்ணுக்கு இந்தக் கலை புதிதல்ல. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது, ரோமானிய மதுச்சாடிகளின் துண்டுகளோடு, உட்புறத்தில் உருளையால் கோலமிட்ட மெல்லிய தட்டுகளின் ஓடுகளும் கிடைத்தன. சுமார் 2000 ஆண்டுப் பழைய கைத்திறன் அது. 1971-இல் அமெரிக்கரான ரே மீக்கரும், ஜப்பானில் பயின்ற டெபோரா ஸ்மித்தும் இங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். 1200 டிகிரிக்கு மேல் சுடும் ஸ்டோன்வேர் கலங்களைக் கற்க நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் இளைஞர்கள் வந்தார்கள். வில்லியனூர் சுடுமண் கலை புவிசார் குறியீடு பெற்றது. 2020-இல் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமி அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இவ்வளவு இருந்தும், என் ஆசானின் இரண்டு பிள்ளைகளும் சக்கரத்தைத் தொடுவதில்லை. "படிச்ச புள்ளைங்க சார். இதுல என்ன மரியாதை இருக்கு?" என்கிறார். இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் படித்த நாம்தான்.

ஆகவே, சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரிக்கு ஒரு சக்கரம் வாங்கித் தருவோம். குயவர் ஒருவரை அழைப்போம். சிறப்பு விரிவுரையாளருக்குத் தரும் அதே மதிப்பூதியத்தையும் அதே நாற்காலியையும் அவருக்குத் தருவோம். சக்கரத்துக்கான செலவில் பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். மாணவர்களே, நீங்கள் சனிக்கிழமை ஒரு மணி நேரம் கொடுங்கள். நண்பர்களே, நீங்களும் வாருங்கள். முழங்கையை ஊன்ற எல்லாருக்கும் தொடை இருக்கிறது!