துடி பிடித்த கையும் தோல் பதனிட்ட கையும்

(நெருளில் நடந்த குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று பல இடங்களிலிருந்தும் ரயிலேறி நெருளுக்கு வந்திருக்கிறீர்கள். வாரத்துக்கு ஒரு நாள் கிடைக்கும் ஓய்வை இந்தக் கூட்டத்துக்குக் கொடுத்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

நம் குடும்பங்களில் ஒன்றில் நடந்தது இது. சுவரில் நடராசர் காலண்டர் தொங்குகிறது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த சிறுமி அதைப் பார்த்துத் தாயிடம் கேட்கிறாள்: "அம்மா, சாமி காலுக்கு அடியில ஒருத்தன் கிடக்கானே, யாரு அவன்? நம்மள மாதிரிக் கறுப்பா இருக்கானே, நம்ம ஆளா?" தாய்க்குப் பதில் தெரியவில்லை. தகப்பனாரும் விழித்தார். "சாமியைப் பற்றி அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்று குழந்தையின் வாயை அடைத்துவிட்டார்கள்.

அந்தக் குழந்தை கேட்டதில் என்ன தவறு? பள்ளிக்கூடத்தில் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள். தாராவி என்று முகவரி சொன்னால் முகத்தைச் சுளிக்கிறார்கள். கடவுள் படத்திலும் மிதிபடுகிறவன் தன்னைப் போலவே இருக்கக் கண்டால் அந்தப் பிஞ்சு உள்ளம் என்ன நினைக்கும்? நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

இங்கே கடவுள் உண்டு என்போரும் இருக்கிறீர்கள். இல்லை என்னும் பகுத்தறிவுத் தோழர்களும் இருக்கிறீர்கள். கும்பிடுவதும் கும்பிடாததும் அவரவர் விருப்பம். ஆனால் நம் முன்னோர் வெண்கலத்தில் வடித்து வைத்த கருத்து என்ன என்பது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

13ஆம் நூற்றாண்டில் திருவதிகை மனவாசகங்கடந்தார் இயற்றிய 'உண்மை விளக்கம்' என்னும் சைவ சித்தாந்த நூல் இந்தக் கூத்துக்குப் பொருள் சொல்கிறது. ஒரு கையில் துடி, அதாவது உடுக்கை. அது படைத்தல், ஒலியிலிருந்து உலகம் பிறந்தது என்பது கருத்து. ஒரு கையில் தீ. அது அழித்தல். ஒரு கை 'அஞ்சாதே' என்று அமைந்திருக்கிறது. அது காத்தல். ஊன்றிய கால் மறைத்தல். உயிர் பக்குவப்படும் வரை உண்மையை மூடி வைப்பது. தூக்கிய திருவடி அருளல். எஞ்சிய கை அந்தத் திருவடியையே சுட்டிக் காட்டி, 'புகலிடம் இங்கே' என்கிறது. ஐந்து தொழில்களையும் ஓர் உருவத்தில் அடக்கிவிட்டார்கள்.

இலங்கைத் தமிழர் முத்துக்குமாரசாமியின் மகனான ஆனந்த குமாரசாமி இந்த நூலின் துணையோடுதான் ஆங்கிலத்தில் சிவ நடனத்தை விளக்கினார். அந்தக் கட்டுரையைத் தாங்கிய நூல் 1918இல் வெளிவந்தது. மேல்நாட்டாரும் நம் சிலையை வியந்து பார்த்தார்கள். ஜெனீவாவில் அணுத்துகள்களை ஆராயும் செர்ன் கூடத்தின் வளாகத்தில், இந்திய அரசு அன்பளிப்பாகத் தந்த நடராசர் சிலை 2004இல் நிறுவப்பட்டது.

சரி, காலடியில் கிடப்பவன் யார்? அவன் பெயர் முயலகன். தாருகாவனத்து முனிவர்கள் 'வேள்வியும் மந்திரமும் எங்கள் கையில் இருக்கும்போது கடவுள் எதற்கு?' என்று செருக்குக் கொண்டார்கள். புலியை ஏவினார்கள், பாம்பை ஏவினார்கள், கடைசியில் வேள்வித் தீயிலிருந்து முயலகனை ஏவினார்கள். அவன் முதுகின் மேல் ஏறி நின்று இறைவன் ஆடினான் என்பது புராணக் கதை. அப்படியென்றால் முயலகன் நம் ஆள் இல்லை. படித்தவர்களின் அகந்தையில் பிறந்தவன். சித்தாந்தம் அவனை ஆணவம் என்றும் அறியாமை என்றும் சொல்கிறது.

நிறம்? வெண்கலத்தில் இறைவனும் முயலகனும் ஒரே உலோகம், ஒரே நிறம். மெழுகில் உருவம் செய்து, களிமண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை வார்த்த சோழநாட்டுத் தொழிலாளி இருவருக்கும் வேறு நிறம் கொடுக்கவில்லை. வேறு நிறம் பூசியது காலண்டர் ஓவியன். இதை அந்தக் குழந்தைக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். இறைவன் முயலகனைக் கொல்லவில்லை. பல சிலைகளில் அவன் தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆணவம் அழிவதில்லை, அதன் வலிமையைத்தான் அடக்க முடியும் என்பது சித்தாந்தக் கொள்கை. காலைக் கொஞ்சம் எடுத்தால் எழுந்துவிடுவான்!

எழுந்தானா இல்லையா? துடியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், விடை தெரியும். துடிக்குத் தோல் வேண்டும். தோல் இல்லையேல் ஒலி இல்லை. ஒலி இல்லையேல் படைப்பு இல்லை. அந்தத் தோலைக் கொடுத்தவர் யார்?

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் இதற்கு விடை இருக்கிறது. ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த நந்தனார் கோயில் முழவுகளுக்குத் தோலும் வாரும் கொடுத்தார். யாழுக்கு நரம்பு கொடுத்தார். பூசைக்குக் கோரோசனை கொடுத்தார். அவர் கொடுத்த தோல் கோயிலுக்குள் போயிற்று. அவர் போக முடியவில்லை! திருப்புன்கூரில் வெளியே நின்றே கும்பிட்டார். நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று ஏங்கியதால் திருநாளைப்போவார் என்று பெயர் பெற்றார். தில்லையில் தீயில் மூழ்கி எழுந்த பிறகுதான் அவருக்கு வழி கிடைத்தது என்கிறது புராணம். 'அஞ்சாதே' என்று கை காட்டும் கடவுளின் வாசலில் ஒரு பக்தன் ஏன் நெருப்பில் இறங்க வேண்டும்? தூக்கிய திருவடி அனைவருக்கும் புகலிடம் என்றால் குறுக்கே நின்றது யார்? முயலகன்தான்!

தோழர்களே, 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து திருநெல்வேலிச் சீமையை விட்டு வந்த நம் பாட்டன்மார் தாராவியில் தோல் பதனிட்டார்கள். சுண்ணாம்பில் கை வெந்து, நாற்றத்தில் மூச்சுத் திணறிக் குடும்பம் வளர்த்தார்கள். அந்தக் கைகளுக்கும் நந்தனாரின் கைகளுக்கும் என்ன வேறுபாடு? "நம்ம ஆளா?" என்று குழந்தை கேட்டாளே, நம் ஆள் காலடியில் இல்லை. கடவுளின் கையிலிருக்கும் துடியில் இருக்கிறான்!

இந்த மராட்டிய மண்ணில், நாசிக் காளாராம் கோயில் வாசலில், 1930 மார்ச் 2 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் 1947இல் வந்தது. அதன் பிறகும் தேவார ஏடுகள் கண்டெடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் அதே சிதம்பரத்தில், சிற்றம்பல மேடையேறித் தமிழில் தேவாரம் பாட முதியவரான சிவனடியார் ஆறுமுகசாமி எத்தனை ஆண்டு போராட வேண்டியிருந்தது! 2008 மார்ச்சில் அரசாணையும் காவல்துறைப் பாதுகாப்பும் பெற்றுத்தான் அவர் பாடினார்.

அதே கோயிலில் திரையை விலக்கிக் காட்டும் ரகசியம் என்ன? உருவம் ஏதும் இல்லை. பொன் வில்வ மாலை தொங்கும் வெட்டவெளி. கடவுள் ஆகாயம் என்பது பொருள். ஆகாயத்துக்குச் சுவர் உண்டா? தீட்டு உண்டா?

ஊர்க்காரர்களைக் குறை சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. ஆயிரம் மைல் தாண்டி வந்த நாம் இங்கே என்ன செய்கிறோம்? அம்மன் கொடைக்கு வரி பிரிக்கும்போது சாதி பார்க்கவில்லையா? மேளம் அடிக்கிறவருக்குத் தனியாக இலை போடவில்லையா? முதல் மரியாதைக்கு அடித்துக்கொள்ளவில்லையா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். முயலகனும் நம்மோடு ரயிலேறி வந்துவிட்டான்.

நாம் செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கேட்வேயில் படகு ஏறுங்கள். சுமார் ஒரு மணி நேரத்தில் எலிபண்டா. மராட்டியர் கராபுரி என்பார்கள். 6ஆம் நூற்றாண்டில் ஒரே பாறையைக் குடைந்து செய்த குகையில், நம் நாட்டு வெண்கல நடராசருக்கு நெடுங்காலம் முன்பே செதுக்கிய ஆடும் சிவன் இருக்கிறார். கைகளும் கால்களும் சிதைந்து போயின. ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. அங்கேயே ஆணும் பெண்ணும் சரிபாதியான அர்த்தநாரியும் இருக்கிறார். வீட்டில் பெண்ணுக்குச் சரிபாதி உண்டா என்பதையும் அங்கே நின்று யோசித்துவிட்டு வாருங்கள்.

அடுத்த கொடை வரும்போது துடிக்குத் தோல் தந்தவன் பிள்ளையும், மேளம் அடிக்கிறவன் பிள்ளையும், வரி பிரிக்கிறவன் பிள்ளையும் ஒரே பந்தியில் உட்காரட்டும். அன்றைக்கு அந்தச் சிறுமி மறுபடியும் கேட்பாள்: "சாமி காலுக்கு அடியில யாரு?" அப்போது நாம் தலை குனியாமல் பதில் சொல்லலாம்.