மின்சார ஸ்கூட்டரின் பிரேக்கைப் பேணுவோம்

(பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலைப் பகுதியைக் கண்டு செல்ல வந்திருந்த பஞ்சாயத்து உறுப்பினர்கள், விவசாயிகள் குழுவினரிடையே வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

ஏரி மராமத்து, குடிநீர், உரம், விதை ஆகியவற்றைப் பற்றி நாம் பலமுறை கூடிப் பேசியிருக்கிறோம். இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு சிறு பொருள். அதன் விலை சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆயினும் அது தேய்ந்துவிட்டதைக் கவனியாமல் விட்டால் ஒரு குடும்பத்தின் பிழைப்பே முடங்கிப் போகக்கூடும். மின்சார ஸ்கூட்டரின் பிரேக் பேடுதான் அந்தப் பொருள்.

நமது கிராமங்களில் மின்சார ஸ்கூட்டர் இன்று அரிய காட்சி அன்று. பால் சங்கத்துக்குக் கேன் எடுத்துச் செல்வோரும், சந்தைக்குக் காய்கறி கொண்டு செல்வோரும், சுய உதவிக் குழு மகளிரும், பள்ளி ஆசிரியைகளும் அதனை உபயோகிக்கின்றனர். பெட்ரோல் செலவு இல்லை; புகை இல்லை; ஓசையும் இல்லை. இராத்திரியில் மின்சாரம் ஏற்றிவிட்டால் காலையில் புறப்படலாம். இவ்வளவு வசதிகளைத் தரும் யந்திரத்தை வாங்குவதில் காட்டும் ஊக்கத்தை, அதனைப் பேணுவதிலும் நாம் காட்ட வேண்டும். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் வாக்கு. ஓடுவதற்கு அச்சாணி எவ்வளவு அவசியமோ, நிற்பதற்குப் பிரேக் அவ்வளவு அவசியம்.

பெரம்பூர் கற்பிக்கும் பாடம்

இந்தப் பேச்சைப் பெரம்பூரில் நிகழ்த்துவது பொருத்தமானதே. தென்னாட்டின் முதல் இரயில் 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இங்கிருந்து சிறிது தூரத்திலுள்ள இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிற்று. 1955-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் பண்டித நேரு அவர்கள் பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலையைத் தொடங்கி வைத்தார்கள். 2018-ஆம் ஆண்டு வரை அங்கே உருவான பழைய வகைப் பெட்டிகளில், இரும்புச் சக்கரத்தின் விளிம்பின் மீதே பிரேக் கட்டை வந்து அழுத்தும். அதன் பின்னர் வந்த புதிய வகைப் பெட்டிகளில் அச்சின் மீது வட்டத் தகடு ஒன்று பொருத்தப்பட்டு, அதனை இரு புறமும் பேடுகள் கவ்விப் பிடிக்கின்றன. இதுவே டிஸ்க் பிரேக். நமது ஸ்கூட்டரில் இருப்பதும் இதே ஏற்பாடுதான். அளவு மட்டுமே சிறியது.

இது நமக்குப் புதிய தத்துவமும் அன்று. தேர்த் திருவிழாவில் முட்டுக்கட்டை போடுவோர், உருண்டு வரும் தேரை ஓர் உளிப்பிடி மரத்தால் நிறுத்துவதை நாம் கண்டிருக்கிறோம். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனத்தார் இரும்பு அச்சும் சக்கரமும் பொருத்தி, ஹைட்ராலிக் பிரேக்கும் அமைத்துக் கொடுத்துள்ளனர். எவ்வளவு பெரிய தேரானாலும் அதனை நிறுத்துவது உராய்வு ஒன்றே.

இரயில்வேயில் நாம் முக்கியமாகக் கற்க வேண்டியது வேறொன்று. நெடுந்தூர வண்டி புறப்படுமுன், அதன் பிரேக் சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்துச் சான்று எழுதிய பிறகே வண்டி நகரும். நமது ஸ்கூட்டருக்கு அவ்விதம் சான்று எழுத எவரும் இல்லை. ஆதலின் அதனை ஓட்டுபவரே சோதனை அதிகாரியாகவும் இருக்க வேண்டும்.

மின்சார வண்டியின் தனித்தன்மை

கைப்பிடி லீவரை அழுத்தும்போது, குழாயிலுள்ள பிரேக் ஆயில் அந்த அழுத்தத்தைக் காலிப்பருக்குக் கொண்டு செல்கிறது. காலிப்பரிலுள்ள பிஸ்டன் பேடுகளைத் தள்ள, பேடுகள் சுழலும் தகட்டைக் கவ்வுகின்றன. வண்டியின் வேகம் வெப்பமாக மாறுகிறது. வேகம் இரு மடங்கானால் பிரேக் தாங்க வேண்டிய சுமை நான்கு மடங்காகும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் கடந்துவிடுகிறது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

மின்சார ஸ்கூட்டர்கள் பலவற்றில் மற்றோர் ஏற்பாடும் உண்டு. முறுக்குப் பிடியை விட்டவுடன் மோட்டாரே டைனமோவைப் போல வேலை செய்து, வேகத்தைக் குறைத்து, மின்சாரத்தைப் பாட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. இதே பெரம்பூரில் உருவாகி 2019-ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய வந்தே பாரத் இரயிலிலும் இம்முறை உண்டு. இதனால் பேடு மெதுவாகவே தேய்கிறது. இது நன்மையே. ஆனால் இந்த நன்மைக்குள்ளேயே ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது.

மோட்டார் வேகத்தைக் குறைத்துக்கொண்டே இருப்பதால், ஓட்டுபவர் பிரேக்கை அதிகம் நம்பியிருப்பதில்லை. ஆகவே அதனைப் பார்ப்பதுமில்லை. பாட்டரி நிறைந்திருக்கும்போது மின்சாரத்தை ஏற்க அதில் இடமில்லாமையால் மோட்டாரின் உதவி குறைந்துவிடும். இராத்திரி முழுவதும் மின்சாரம் ஏற்றிக் காலையில் புறப்படுகிறவருக்கு நேருவது இதுவே. முந்தின நாள் மாலையில் தானே நின்ற வண்டி, காலையில் சிறிது தூரம் கூடுதலாக உருள்கிறது. அந்தத் தூரத்தை ஈடு செய்ய வேண்டியது பேடு. அது தேய்ந்திருந்தால் அல்லது துருவேறி இறுகியிருந்தால் கேடு விளையும்.

நமது பகுதிக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். எண்ணூர், மீஞ்சூர், பழவேற்காடு வரை உப்புக் காற்று வீசுகிறது. ஓரிரு நாள் நிறுத்தி வைத்த வண்டியின் தகட்டிலும் செந்துரு படர்கிறது. அனல் மின் நிலையச் சாம்பலும் சாலைப் புழுதியும் பேடுகளின் இடையே புகுகின்றன. திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டிச் சாலையில் துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகளின் நடுவேதான் நமது மக்கள் பிரயாணம் செய்ய வேண்டியிருக்கிறது. சென்ற மழைக்காலத்தில் நமது வட்டாரத்து மகளிர் குழு உறுப்பினர் ஒருவர், முன்னே சென்ற லாரி திடீரென நின்றபோது தம் வண்டியை நிறுத்த இயலாமல் ஓரத்துப் பள்ளத்தில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். இரண்டு மாத வருமானம் போயிற்று. பின்னர் பார்த்தபோது முன் சக்கரப் பேடு இரும்புத் தகடு தெரியுமளவு தேய்ந்திருந்தது. பல நாட்களாகக் கிறீச்சென்ற ஓசை கேட்டதாகவும், அதனை மணல் என்று எண்ணியதாகவும் அவர் கூறினார்.

தேய்மானத்தை அறியும் வழி

மாதம் ஒரு முறை பகல் வெளிச்சத்தில் காலிப்பரின் இடுக்கைக் குனிந்து பார்க்க வேண்டும். தகட்டின் இரு புறமும், இரும்பின் மீது ஒட்டிய கருநிறப் பகுதி தெரியும், தேய்வது அதுவே. புதிய பேடுகள் பலவற்றில் நடுவே ஒரு கோடு வெட்டப்பட்டிருக்கும். அக்கோடு மறையும் நிலைக்கு வந்தாலோ, கருநிறப் பகுதியின் கனம் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கீழ் இறங்கினாலோ மாற்றுவதைத் தள்ளிப் போடக்கூடாது. வண்டியுடன் வந்த கையேட்டில் வேறு அளவு கூறப்பட்டிருந்தால் அதுவே பிரமாணம். ஒரு பக்கப் பேடு மட்டும் அதிகம் தேய்ந்திருப்பின், பிஸ்டனோ வழுக்கும் ஊசியோ இறுகிவிட்டது என்று பொருள். தகட்டிலும் குறைந்தபட்சக் கனம் பொறிக்கப்பட்டிருக்கும். விரல் நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் தகட்டையும் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

சரி செய்வதில் மூன்று வகை

பிரேக்கை 'டைட்' செய்வது என்று பொதுவாகக் கூறுகிறோம். அது எல்லா வண்டிக்கும் ஒன்றன்று.

முதலாவது, ஆயிலால் இயங்கும் டிஸ்க் பிரேக். இதில் முடுக்குவதற்கு ஒன்றுமில்லை. பேடு தேயத் தேயப் பிஸ்டன் தானே முன்னேறி இடைவெளியை நிரப்பும். லீவர் பஞ்சு போல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. கைப்பிடி வரை வந்துவிட்டால் ஆயில் கசிகிறது அல்லது பேடு தீர்ந்துவிட்டது. காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமேயன்றி எதையும் முடுக்கலாகாது.

இரண்டாவது, கம்பியால் இழுக்கப்படும் டிஸ்க் பிரேக். மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேற்படாத சிறு வண்டிகள் சிலவற்றில் இது உண்டு. இதில் கம்பி முனையிலுள்ள முடுக்கியைச் சிறிது சிறிதாகத் திருப்பி, லீவர் பாதி தூரம் வருமுன் பிரேக் பிடிக்குமாறு செய்ய வேண்டும். அசையாத பக்கத்துப் பேடைத் தகட்டுக்கு அருகே கொண்டுவரத் தனித் திருகாணி இருக்கும். பின்னர் சக்கரத்தைக் கையால் சுழற்றி, உரசாமல் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பின் சக்கரத்தில் பல வண்டிகளுக்கு உள்ள டிரம் பிரேக். சக்கரத்தின் அருகிலுள்ள நட்டை வலப்புறம் திருப்பினால் லீவரின் தளர்ச்சி குறையும். அளவு மீறி முடுக்கினால் சக்கரம் இறுகி, பாட்டரி வீணாகி, டிரம் சூடேறும்.

பேடு மாற்றும் முறை

உத்தரவாதக் காலத்திலுள்ள வண்டியை அங்கீகாரம் பெற்ற பணிமனையிலேயே விடுவது நன்று. மற்றவர்கள், பழகியவர் ஒருவர் உடனிருக்கக் கற்றுக்கொள்ளலாம்.

முதலில் சாவியை எடுத்து, வண்டியின் மெயின் சுவிட்சையும் அணைத்துவிட வேண்டும். ஓசையில்லாத வண்டி உயிருடன் இருப்பது தெரியாது. முறுக்குப் பிடியில் கை பட்டால் சக்கரம் சுழன்று விரலை நசுக்கிவிடும். நடு ஸ்டாண்டில் நிறுத்திய பின், பேடுகளைத் தாங்கும் ஊசியைக் காலிப்பர் இருந்த இடத்திலேயே சிறிது தளர்த்திக்கொள்ள வேண்டும். அதன் பின் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றினால் காலிப்பர் வெளிவரும். அதனைக் குழாயில் தொங்க விடாமல் கயிற்றால் கட்டி வைக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்ற வேண்டிய அவசியமில்லை. மோட்டார் உள்ள சக்கரத்தில் மின்கம்பிகள் இருப்பதால் அதில் கை வைக்கவும் கூடாது.

காலிப்பர் வெளியே இருக்கும்போது லீவரை எவரும் அழுத்தக்கூடாது. அழுத்தினால் பிஸ்டன் வெளியேறிவிடும். உள்ளிருக்கும் தூசியை வாயால் ஊதுவது வழக்கமாக இருக்கிறது. இதனை அறவே விட வேண்டும். பழைய வகை லைனிங்குகளில் கல்நார் சேர்ப்பது வழக்கமாயிருந்தது. அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். எந்தப் பேடானாலும் ஈரத் துணியால் துடைத்தெடுப்பதே முறை.

பழைய பேடு உள்ளிருக்கும்போதே, அதன் மீது அழுத்திப் பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ள வேண்டும். அப்போது மேலே உள்ள ஆயில் கிண்ணம் நிரம்பி வழியக்கூடும். இந்த ஆயில் பெயிண்டை அரிக்கும் என்பதால் துணி சுற்றி வைக்க வேண்டும். பின்னர் புதிய பேடுகள் இரண்டையும் ஒரே சமயத்தில் பொருத்த வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றுவது சிக்கனம் அன்று. பேடின் முகத்திலும் தகட்டிலும் எண்ணெய், கிரீஸ், கைப்பசை எதுவும் படலாகாது. பட்டுவிட்ட பேடைத் துடைத்துப் பயன்படுத்தாமல் ஒதுக்கிவிட வேண்டும். போல்ட்டுகளைக் கையேட்டில் கூறிய இறுக்கத்துக்கே முடுக்க வேண்டும்.

இனிக் கூறுவதே எல்லாவற்றிலும் முக்கியம். வேலை முடிந்தவுடன் வண்டியை நகர்த்தாமல், லீவர் கெட்டியாகும் வரை பல முறை அழுத்த வேண்டும். பிஸ்டன் பின்னே தள்ளப்பட்டிருப்பதால் முதல் சில அழுத்தங்களில் பிரேக் பிடிக்கவே பிடிக்காது. இதை மறந்து தெருவுக்கு வந்தவர் முதல் திருப்பத்திலேயே விபத்தைச் சந்திப்பார். அதன் பின் வெறிச்சோடிய பாதையில் இருபது முப்பது முறை மிதமாகப் பிரேக் பிடித்துப் பேடைத் தகட்டுக்குப் பழக்க வேண்டும். புதிய பேடு முழுப் பிடிப்புக்கு வரச் சில நாட்கள் ஆகும். அதுவரை சுமை ஏற்றாமலிருப்பது நலம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆகவே மூடியில் குறித்த வகை ஆயிலையே, மூடி பிரிக்காத புட்டியிலிருந்து ஊற்ற வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை அதனை மாற்றிவிடுவது நல்லது.

பஞ்சாயத்துகளின் பணி

பாடியில் 1962-ஆம் ஆண்டு முதல் பிரேக் சாதனங்கள் செய்யும் தொழில் வளர்ந்து வருகிறது. ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் மின்சார ஸ்கூட்டர்கள் உற்பத்தியாகின்றன. வண்டியும் பிரேக்கும் நமது மாநிலத்திலேயே உருவாகும்போது, அவற்றைப் பேணத் தெரிந்த ஒருவர் நமது கிராமத்தில் இல்லையென்பது பொருந்தாது. பணிமனை தொலைவில் இருப்பதாலேயே பலர் பேடு மாற்றுவதை ஒத்திப் போடுகின்றனர்.

ஒவ்வொரு பஞ்சாயத்தும் ஐ.டி.ஐ. படித்த இளைஞர் ஒருவரையும், குழு மகளிர் ஒருவரையும் இந்த வேலையில் பயிற்சி பெறச் செய்யலாம். கிராம சபை கூடும் நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, வந்திருக்கும் ஸ்கூட்டர்களின் பேடுகளை அவர்களைக் கொண்டு பார்க்கச் செய்யலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு முறையும், பொங்கலுக்குப் பின் ஒரு முறையும் இதனை நடத்தினால் போதும். மலிவு விலையில் பெயரற்ற பேடுகளை விற்போரிடம் வாங்காமல், ரசீதுடன் வாங்கும் பழக்கத்தையும் மக்களிடையே பரப்ப வேண்டும். இதற்குப் பெரும் நிதி தேவையில்லை. சிறிது கவனமும் ஒரு ஸ்பானர் பெட்டியும் போதுமானவை.

பெருமக்களே! நாளைக் காலை வண்டியை எடுக்குமுன், இரண்டு லீவர்களையும் அழுத்திப் பாருங்கள். வீட்டு வாசலிலேயே பத்தடி உருட்டி நிறுத்திப் பாருங்கள். இரயில் புறப்படுமுன் எழுதும் சான்றுக்கு ஈடான சான்று அதுவே. அதைச் செய்ய அரை நிமிடமே பிடிக்கும். நமது ஊர்ச் சாலைகளில் சென்றவர் அனைவரும் மாலையில் நலமாக வீடு திரும்ப அந்த அரை நிமிடத்தை நாம் ஒவ்வொருவரும் செலவிடுவோமாக.