வேர்வையே முன்பணம்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் செய்த உபந்நியாசம்)



வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் செய்து பார் என்பது நம்மவர் வாக்கு. கையில் பொருளும் பக்கத்தில் பந்து ஜனங்களும் உள்ளவனுக்கே வீடு கட்டுவது மலைப்பைத் தருகிறது. அப்படியிருக்க, கணவனை இழந்தோ, அவனால் கைவிடப்பட்டோ, அல்லது விவாகமேயின்றியோ, குழந்தைகளைத் தானொருத்தியாகவே வளர்த்துவரும் ஸ்திரீ ஒருத்தி, கூலிக்கு வேலை செய்துகொண்டே சொந்த வீட்டுக்கு உரிமையாளியாவது கூடுமோ? கூடும் என்று அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒரு தாபனத்தார் ஐம்பது ஆண்டுகளாகக் காட்டி வருகின்றனர். அவ்விஷயமே இன்று நாம் எடுத்துக்கொண்டது.

அமெரிக்கா குபேரன் பட்டணம் என்று எண்ணுவோர் நம்மில் அநேகர். அந்நாட்டுக் குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று தாயுடன் மாத்திரமே வசிக்கிறது. அத்தாய்மாரிற் பலர் நோயாளிகளைப் பராமரிப்பவர்கள், கடைச் சிப்பந்திகள், பள்ளிக்கூடச் சமையற்காரிகள். வாரும் சம்பளத்தில் பெரும் பகுதியை வாடகை விழுங்கிவிடும். வாடகை ஏறினால் வீடு மாறவேண்டும். வீடு மாறினால் குழந்தைக்குப் பள்ளிக்கூடமும் மாறும். வங்கியிற் கடன் கேட்கலாமென்றால், முன்பணம் எங்கே என்பர். இன்னொன்று கேளுங்கள். 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வரும்வரை, ஸ்திரீ என்பதையோ விவாக நிலைமையையோ காரணங் காட்டிக் கடன் மறுப்பது அங்கே சாதாரண வழக்கம். கணவன் கையெழுத்தைக் கேட்ட வங்கிகள் மலிந்திருந்தன. நாகரிகத்திற் சிறந்த நாடென்று பேர் பெற்றதன் கதி இது!

இத்தாபனத்தின் தோற்றம் ஒரு பண்ணையில். ஜார்ஜியா மாகாணத்து அமெரிக்கஸ் என்னும் சிற்றூருக்கருகில் 1942-இல் கிளாரென்ஸ் ஜோர்டன் என்ற கிறிஸ்தவ பண்டிதர் கொய்னோனியா என்னும் பண்ணையை நிறுவினார். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பந்தியில் உண்பது அங்கு நியமம். இதற்காக ஊரார் பகிஷ்காரஞ் செய்தனர்; துப்பாக்கியாற் சுட்டுமிருக்கின்றனர். மில்லர்டு புல்லர் என்பவர் இளமையிலேயே பெருந்தனம் ஈட்டி, அதையெல்லாம் விட்டொழித்துத் தம் மனைவி லிண்டாவுடன் இப்பண்ணைக்கு வந்து சேர்ந்தார். 1968-இல், இலாபமும் வட்டியுமின்றி ஏழைகளுக்கு வீடு கட்டும் யோசனை அங்கே உதித்தது. மறுவருஷமே ஜோர்டன் காலமானார். புல்லர் தம்பதிகள் 1973 முதல் மூன்றாண்டு ஆப்பிரிக்காவில் அன்று ஜயர் எனப்பட்ட நாட்டில் இம்முறையைச் சோதித்துத் திரும்பி, 1976-இல் ஹாபிடட் பார் ஹியூமானிட்டி என்ற தாபனத்தைத் தொடங்கினர். மானிட வர்க்கத்துக்கு உறைவிடம் என்பது அதன் பொருள். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் நமது தமிழ்க் கடற்கரையிலும் அவர்கள் வீடு கட்டித் தந்தனர். அது தனிக் கதை.

வீடு தானமன்று என்பதை முதலில் மனத்திற் கொள்ளவேண்டும். விண்ணப்பம் செய்பவளிடம் மூன்று விஷயங்கள் பார்க்கப்படுகின்றன: இப்போதிருக்கும் இருப்பிடத்தின் குறை, தவணை கட்டும் சக்தி, உடலுழைப்பிற் பங்கு கொள்ளச் சம்மதம். மூன்றாவதை வேர்வைப் பங்கு என்பர். ஊருக்கு ஊர் கணக்கு வேறுபடினும், இருநூறு முதல் ஐந்நூறு மணி நேரம் வரை உழைக்கவேண்டியிருக்கும். சுவர்ச் சட்டங்களை நிறுத்துதல், பலகை அறைதல், வர்ணம் பூசுதல் ஆகியவற்றைத் தொண்டர்களோடு சேர்ந்து அவளும் செய்கிறாள். மின்சார வேலை முதலியவற்றுக்கு மட்டும் உரிமம் பெற்ற தொழிலாளர் வருவர். சுத்தியல் பிடித்தறியாதவள் சில மாதத்தில் ஆணியைக் கோணாமல் அடிக்கக் கற்றுக்கொள்கிறாள். பெரும்பாலும் தன் வீட்டுக்கு முன் பிறர் வீட்டில் வேலை செய்யவேண்டியிருப்பதால், அயலார் இன்னாரென்று குடிபுகுமுன்பே அறிந்துவிடுகிறாள். வரவு செலவுத் திட்டம், வீட்டைப் பழுதுபார்த்தல் பற்றிய வகுப்புகளும் உண்டு.

இங்கே ஒரு சங்கடம். கட்டட வேலை பெரும்பாலும் சனிக்கிழமைகளில். பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலை நடக்குமிடத்தில் அனுமதிப்பதில்லை. வாரம் முழுதும் வேலைக்குப் போகும் தாய், மிஞ்சிய நாளிலும் கைக்குழந்தையை யாரிடம் விட்டுப் போவாள்? பாட்டியோ தமக்கையோ இல்லாதவளுக்கு இதுவே முதல் தடை. இதையறிந்து பல கிளையார் உறவினரும் நண்பரும் உழைக்கும் மணிகளில் ஒரு பகுதியை அவள் கணக்கிற் சேர்க்கின்றனர். அலுவலகத்திலோ, பழைய சாமான் விற்கும் தங்கள் கடையிலோ செய்யும் வேலையையும் ஏற்கின்றனர். விதியை மனிதருக்கேற்ப வளைத்தது புத்திசாலித்தனமான காரியம்.

பணக் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். 1,50,000 டாலர் கடனை முப்பது வருஷத்தில் வட்டியின்றித் திருப்பினால் மாதம் சுமார் 417 டாலர். நூற்றுக்கு 6 வருஷ வட்டியென்றால் மாதம் சுமார் 899. முப்பதாண்டு முடிவில் வட்டி மாத்திரம் 1,73,000 டாலருக்கு மேல், அதாவது வாங்கிய முதலைக் காட்டிலும் அதிகம்! ஏழையிடம் வட்டி வாங்கலாகாது என்னும் வேத வாக்கியத்தைப் பற்றியே புல்லர் வட்டியை நீக்கினார். இன்று சில கிளைகள் சொற்ப வட்டி வாங்குகின்றன. ஆயினும் வீட்டுச் செலவு வருமானத்தில் நூற்றுக்கு முப்பதை மிஞ்சாதபடி பார்த்துக்கொள்வது பொது வழக்கம். வீட்டின் சந்தை விலைக்கும் அவளுக்கு விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தை மாதத் தவணையில்லாத இரண்டாம் அடமானமாக எழுதி வைப்பதுமுண்டு. உடனே விற்று இலாபம் பார்க்காதிருக்கவே இந்த ஏற்பாடு.

இத்தாபனத்தின் பெயர் பரவியது ஜிம்மி கார்ட்டரால். ஜனாதிபதி பதவியிலிருந்து இறங்கியபின், 1984-இல் மனைவி ரோசலின் அம்மையாருடன் நியூயார்க் சென்று பாழடைந்த கட்டடமொன்றைத் தச்சனாக நின்று புதுப்பித்தார். 2024-இல் நூறாம் வயதிற் காலமான அவர், முதுமையிலும் சுத்தியலைக் கைவிடவில்லை. ஆனால் நம் மனத்தைக் கவர்வது வேறு சம்பவம். 1991-இல் வட கரோலினாவைச் சேர்ந்த ஷார்லட் நகரில் ஸ்திரீகளே கூடி ஒரு வீட்டை எழுப்பினார்கள். ஆடவர் நடுவில் கருவியைத் தொடக் கூசியவர்கள் அங்கே கூச்சமின்றிக் கற்றார்கள். அதன் விளைவாக மாதர் கட்டும் வீடுகளென்று தனிப் பகுதியே பின்னால் ஏற்பட்டது.

குறை சொல்வாருமுளர், அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. வேண்டுவோர் தொகைக்கு முன் கட்டிய வீடுகள் கொஞ்சம். காத்திருக்கும் காலமோ நீளம். தவணை ஏறாவிடினும் வீட்டு வரியும் இன்ஷியூரன்சும் ஏறுகின்றன. நமக்குத் தோன்றும் ஆட்சேபம் இன்னொன்று: பெரிய வீடு வாங்கும் தனவான், கடனுக்குக் கட்டும் வட்டியை வருமான வரிக் கணக்கிற் கழித்துக்கொள்ள அந்நாட்டுச் சட்டம் இடங்கொடுக்கிறது. நீ எத்தனை மணி நேரம் செங்கல் சுமந்தாய் என்று அவனை ஒருவரும் கேட்பதில்லை. ஏழைத் தாய் மாத்திரம் தன் ஓய்வு நாளைக் கொடுத்துத் தகுதியை மெய்ப்பிக்கவேண்டியிருக்கிறது. ஆயினும் அவ்வுழைப்பு கட்டட வேலையாட்களின் கூலியை மிச்சப்படுத்தி வீட்டின் அடக்கவிலையைக் குறைப்பதால் வீண் போகிறதென்று சொல்வதற்கில்லை.

வேலை முடிந்து, உழைத்தவர் யாவரும் கூடியிருக்க, அவள் கையிற் சாவி கொடுக்கப்படுகிறது. பத்திரம் அவள் பெயரிலேயே பதிவாகிறது. தகப்பன் கையெழுத்தோ கணவன் கையெழுத்தோ அதில் வேண்டுவதில்லை. அவள் மாதந்தோறும் கட்டும் தொகை கிளையின் நிதியிற் சேர்ந்து, வரிசையில் அடுத்து நிற்பவளுக்கு மரமும் ஆணியும் வாங்கப் போகிறது. நேரமாகிவிட்டபடியால் இம்மட்டில் நிறுத்துகிறோம்.