சமாதானத்திற்குச் சம்பளம் வேண்டாமா?



யுத்தம் ஒழிய வேண்டுமென்று கோயிலிலும், மசூதியிலும், மாதா கோவிலிலும் பிரார்த்தனை நடக்கிறது. எந்தப் பிரார்த்தனையாலாவது ஓர் அணுகுண்டு குறைந்ததுண்டா என்று கேட்கிறோம். 1987-ல் அமெரிக்காவும் சோவியத் ருஷியாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் 1991-க்குள் 2,692 ஏவுகணைகள் அழிந்தன. கடவுளா அழித்தார்? ஒருவர் நாட்டுக்கு ஒருவர் ஆள் அனுப்பி, எண்ணிப் பார்த்து, கண்ணெதிரே அழிக்கச் செய்தார்கள்.

இந்தக் கணக்கைப் படித்துப் பொது ஜனங்களுக்கு எடுத்துச் சொல்ல ஆட்கள் வேண்டும். வாஷிங்டனில் 1971-ல் ஏற்பட்ட ஆயுதக் கட்டுப்பாட்டுச் சங்கம் லாபம் கருதாமல் இவ்வேலையைச் செய்கிறது. அதன் தலைவராயிருந்த ஹெர்பர்ட் ஸ்கோவில், முன்பு சர்க்கார் உளவு இலாகாவில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். அவர் பெயரால் 1987-ல் ஏற்பட்ட ஏற்பாட்டின்படி, கல்லூரி முடித்த வாலிபர்களை இப்படிப்பட்ட சங்கங்களில் ஆறு முதல் ஒன்பது மாதம் வேலை பழக வைத்து, சம்பளமும் கொடுக்கிறார்கள்.

அந்தச் சம்பளத்தைத்தான் கவனிக்க வேண்டும். கூலியில்லாமல் பழகு என்றால் யார் வருவான்? அப்பன் சொத்தில் சாப்பிடுகிறவன்தான் வருவான். ஏழை மகன், குண்டு செய்யும் கம்பெனி கூலி கொடுத்தால் அங்குதான் போவான். அது அவன் குற்றமா? “பலன் கருதாமல் உழை” என்று ஏழைக்கு உபதேசித்துவிட்டு, படிப்பையும் பதவியையும் தாங்களே வைத்துக்கொண்ட கூட்டத்தை நாம் அறியாதவர்களா?

உலகத்தில் இன்னும் சுமார் 12,000 அணு ஆயுதங்கள் இருக்கின்றன. ஆகவே, சமாதானம் பேசும் எந்தச் சங்கத்தையும் நாம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: ஏழை வீட்டுப் பிள்ளைக்கு உன்னிடம் சம்பளத்தோடு இடமுண்டா?